மொச்சைக் கொல்லையில் நீ விட்ட வண்டி

திருநின்றவூர்,
மார்கழி, வெள்ளிக்கிழமை.

அண்ணன் சிவராமனுக்கு,

ரேணுகா எழுதுவது. உன் சுகத்தைக் கேட்க எழுதவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கூரியரில் இது.

நாக்பூரிலிருந்து நீயும் மைதிலி அண்ணியும் வந்து இறங்கிய அன்று, பனியில் நனைந்துகொண்டு பச்சை மொச்சை பறித்து வந்தேன். ஊறவைத்து, நகக்கண் வலிக்க ஒவ்வொன்றாய்த் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைத்தேன். கேழ்வரகுக் களி கிண்டினேன். இந்தக் குளிருக்கு இதைவிட இன்னா வேணும் என்று நீ திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டாய். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாப்பிட்ட கை காய்வதற்குள் உனக்கு எப்படி மனசு வந்தது?

மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன், ஜேசிபி சத்தம் கேட்டது. நம் நிலத்தை விற்க நீ பேசிவைத்தவர்களின் கார் உள்ளே வர வழி வேண்டுமாம். அதற்காகக் காய்த்து நிற்கிற மொச்சைக் கொல்லையை வழிக்கச் சொல்லியிருக்கிறாய். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஓடிவந்து கத்தியதற்கு, செடிதானே, அடுத்த வருஷம் போட்டுக்கோ என்றாய். எந்த மண்ணில் போடுவது என்று கேட்டேன்.

அப்பா வந்ததை நாம் யாரும் பார்க்கவில்லை. வாதம் வந்த காலை இழுத்துக்கொண்டு, போர்வைகூட இல்லாமல் வந்து, வண்டிக்கு முன்னால் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "என் மேல ஏத்திகினு போ நைனா" என்றார். டிரைவரிடம் சொல்லவில்லை, உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். டிரைவர் வண்டியை நிறுத்தித் தலைகுனிந்து நின்றான். அவனுக்கு இருந்த வெட்கம் உனக்கு இல்லை. ஊர் பார்க்க மானத்தை வாங்குறார் என்று சொல்லி, அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாய். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தது நானும் அந்த டிரைவரும்.

மத்தியானம் கார் வந்தது. நிலம் விற்கிறதில்லை என்று கட்டிலில் படுத்தபடியே அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். இனி யாரையும் அனுப்பாதே, வாசலிலேயே நிறுத்துவேன்.

அன்றைக்கே அவருக்குக் காய்ச்சல். இப்போது நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆவடி டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். அப்பா மாட்டேன் என்கிறார், ஊட்லயே கீறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நசுங்கிக் கிடந்த காயில் தேறியதைப் பொறுக்கி வேகவைத்து, மசித்து ஊட்டினேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் "பெரியவனா?" என்று கேட்கிறார். உனக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. நீ வந்தால் சோறு போடுவேன், பேசமாட்டேன். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு உட்காராதே அண்ணா. பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இதைப் படித்த கையோடு ரயில் ஏறு.

இப்படிக்கு,
ரேணுகா