அத்தைக்கு எந்தக் காலில் வலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதக் கை தானாகப் போகிறது, அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், நடுவில் அந்த இடத்துக்கு வருவேன், பதறாமல் வரிசையாகப் படித்துக்கொண்டு வா. வாரம் தவறாமல் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவளுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். உன் ஃபோன் வந்தால் உன் அப்பா எங்கிருந்தாலும் ஓடிவந்து ஸ்பீக்கரைப் போடு என்கிறார், போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கூட உன்னை விசாரிக்கிறார். இது உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியது. தையல் மிஷின் மேல் பலகையைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர் வந்தால் மேலே திரைத்துணியை இழுத்துப் போட்டுவிடுவேன்.

நீ ஊருக்கு வரும்போது எல்லோரும் ஒரு வாரம் போய்த் தங்க வாடகைக்குப் பார்த்திருக்கிறாயே, அந்த வீட்டின் படங்களை எல்லோரும் பார்த்தோம். மலைச்சரிவில் வீடு, ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் வளைந்து வளைந்து போகிற கல் படிகள், மேலே போனால் கண்ணாடி போட்ட வராந்தா, கீழே ஏரி. உன் அண்ணி வாயைப் பிளந்தவள் இன்னும் மூடவில்லை. உன் அண்ணன் மகள், நம் பெரியவள், நெட் வருமா என்று மட்டும் கேட்டாள். அவள் தம்பி வாலு, ஏரியில் முதலை உண்டா என்று கேட்டான், இல்லை என்றதும் அப்ப எதுக்குப் போறோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். உன் அத்தையோ, தண்ணி ஆழமா இருக்குமா, நீந்தலாமா என்று கேட்கிறார்கள். எழுபத்தைந்து தாண்டியாயிற்று, இன்னமும் காலையில் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால் தெருநாய்கள்தான் வழி விட வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர்கள், பென்ஷன் வந்த பிறகும் விசில் மட்டும் கைப்பையை விட்டு இறங்கவில்லை.

நீ போட்ட அட்டவணையையும் படித்தோம். காலையில் படகு, பிறகு காட்டுக்குள் நடை, பிறகு அருவி, சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேச்சு. பள்ளிக்கூடத்தில் கூட இடையில் மணி அடித்து வெளியே விடுவார்கள், கண்ணு. இத்தனை வருஷம் கழித்து வருகிறாய், ஒரு பொழுதும் வீணாகிவிடக் கூடாது என்கிற தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கைக்குழந்தைக்கு ஒரு தூக்கம், வாலுவுக்கு ஒரு தூக்கம், பெரியவளுக்கு மத்தியானம் வரைக்கும் தூக்கம், இதில் எல்லோரையும் ஒரே நேரத்தில் படகில் ஏற்ற ஆண்டவனாலேயே ஆகாது. பாதி நாட்களை ஒன்றும் எழுதாமல் விட்டுவிடு. வீட்டிலேயே சமையலறை இருக்கிறது, அம்மா கையால் சாப்பிடலாம் என்று கீழே எழுதியிருந்தாயே, அதையும் அடித்துவிடு. எனக்கு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அந்த ஒரு வாரம் எனக்கு யாராவது தட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும், நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஏரியைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினாலும் அது வெங்காயம் நறுக்குவதுதான்.

இப்போது உன் அப்பாவின் கதைக்கு வருகிறேன். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த மனுஷன் ஒத்திகை பார்க்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார் என்று உனக்கே தெரியும், உன் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு அவசர வழி எது என்று காட்டிவிட்டுத்தானே பந்தியையே ஆரம்பிக்க விட்டார். உல்லாசப் பயணத்துக்கு ஒத்திகை பார்க்கிற குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிஜமாகக் கிளம்பினால் என்னென்ன எடுத்துக்கொள்வீர்களோ அத்தனை மூட்டை முடிச்சோடும் உன் அண்ணன் குடியிருக்கிற கட்டிடத்தின் வாசலுக்கு வந்துவிட வேண்டும், நாலாவது மாடி வரைக்கும் படியில்தான் ஏற வேண்டும், லிஃப்ட் பக்கம் ஒருவரும் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு.  மாடியில் இருக்கிற உன் அண்ணன் கீழே இறங்கி வந்து மறுபடி தன் வீட்டுக்கே பெட்டியோடு ஏறினான் பார், அன்று காவல்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அண்ணி மிக்ஸியை எடுத்துக்கொண்டு வந்தாள். வாலு ஒரு பெட்டி நிறைய கூழாங்கல் கொண்டு வந்தான், ஏரியில் போடுவதற்காம். ஏரிக்கரையிலேயே கல் கிடைக்குமே என்றதற்கு, அது அவங்க கல்லு என்றான்.

விசில் ஊதியது உன் அத்தை. ஊதியவர்களே முதல் ஆளாக ஏறிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் பின்னால் ஓடின. உன் அப்பா எல்லோருக்கும் பின்னால் வருவதாகச் சொன்னார், நான் அவருக்கும் பின்னால். முதல் மாடியில் சுவரில் தீயணைப்பான் ஒன்று மாட்டியிருக்கிறதே, அதன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பழைய புத்தி போகாது என்று நானும் நின்றேன். இரண்டாவது மாடியிலும் நின்று பார்த்தார். மூன்றாவது மாடியில் அந்தச் சிவப்பு உருளையைப் பார்க்கவில்லை, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நீ போ, இதோட தேதி முடிஞ்சிருச்சான்னு பாத்துட்டு வரேன் என்றார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடி கூடப் போட்டிருக்கவில்லை, கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தேதி எங்கே தெரியும்.  பக்கத்தில் நின்று நானும் அந்தச் சீட்டையே படித்துக்கொண்டிருந்தேன்.

மேலே போய்ச் சேர்ந்து முகம் கழுவி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். ஒத்திகை பாத்தது நல்லதாப் போச்சு, அக்காவால இந்தப் படியெல்லாம் முடியாது, அவங்கள விட்டுட்டுப் போறதும் அழகில்ல, அதனால பயணம் வேண்டாம், பொண்ணு வர்றப்ப வீட்லயே இருந்துக்கலாம் என்றார். எல்லோரும் திரும்பி உன் அத்தையைப் பார்த்தோம். அவர்கள் ஜன்னல் ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டு வாலுவோடு கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியவள், அத்தைப் பாட்டிதானே ஃபர்ஸ்ட் வந்தாங்க என்று ஆரம்பித்தாள். உன் அத்தை தன் தம்பியை, அதுதான் உன் அப்பாவின் முகத்தை, ஒரு நிமிஷம் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாகக் கையை முழங்காலில் வைத்துத் தேய்த்துக்கொண்டு, ஆமாண்டா, ஏறுறப்ப தெரியல, இப்பத்தான் குடையுது, வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு என்றார்கள். யாராவது கிழவி என்று சொல்லிவிட்டால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பெண்ணைத் திட்டிவிட்டு வந்தவர்கள், இத்தனை பேர் நடுவில் அந்தப் பேரை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார்கள். அதோடு விடவில்லை. எனக்கு முடியலன்னா வீட்ட மாத்துங்க, பயணத்த ஏன் நிறுத்துறீங்க, தரையோட தரையா ஒரு வீடு இல்லாமலா போயிரும் என்று ஒரே போடு. உன் அப்பா சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போது உன் அத்தையே என்னிடம் வந்து நின்றார்கள். எத்தன பிள்ளைங்கள ஓடவிட்டுருக்கேன், மூச்சு வாங்குறதுல எது களைப்பு எது கோளாறுன்னு எனக்குத் தெரியாதா, முதல்ல அவன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ என்றார்கள். மறுநாளே பிடிவாதம் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாப் பரிசோதனையும் ஆகிவிட்டது, இருதயத்தில் ஒரு வால்வு கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். இப்போதைக்கு மாத்திரை போதும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், சமதரையில் தாராளமாக நடக்கலாம், பயணமும் போகலாம், படியும் மேடும் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நான் தள்ளி வைத்திருந்த இடம் இதுதான். பயப்படாதே, அங்கிருந்து ஃபோனைப் போட்டு அழாதே. பிள்ளைங்ககிட்ட மூச்சு விடக் கூடாது என்று உன் அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னிடம் சத்தியம் வாங்காத குறை. மற்றவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கியவர், தான் படியில் மூச்சு வாங்க நிற்பதைப் பிள்ளைகள் பார்ப்பதைவிடப் பயணமே வேண்டாம் என்கிறார். அவர் சொல்லை மீறித்தான் உனக்கு எழுதுகிறேன். ஆனால் நீ தெரியாமல் அந்த வீட்டுக்கே பணம் கட்டிவிட்டால், அவர் அந்தப் படிகளையும் ஏறிக் காட்டுவார். அதுதான் என் பயம்.

உன் அத்தை அன்றிலிருந்து நொண்டுகிறார்கள். நடிப்பு மட்டும் அவர்களுக்குச் சுத்தமாக வரவில்லை. காலையில் வலது கால், சாயங்காலம் இடது கால், கடைக்காரர் மிச்சம் கொடுக்க மறந்துவிட்டால் இரண்டு காலும் நன்றாக ஓடுகிறது. காலை ஓட்டத்தை விட்டுவிட்டார்கள், அதற்குப் பதிலாகச் சாயங்காலம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பூங்கா வரைக்கும் மெள்ள நடந்துவிட்டு வருகிறார்கள், டாக்டர் சொன்ன நடைக்கு அதுவும் சரியாகப் போயிற்று. முந்தாநாள் இருவரும் கிளம்பும்போது நான் வாசலில் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா நின்று, அக்கா, எந்தக் காலுன்னு இன்னிக்காவது ஒரு முடிவுக்கு வாங்க என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அத்தை கொஞ்சமும் அசரவில்லை. நீ எந்தப் பக்கம் புடிச்சுக்கறியோ அந்தக் காலுடா என்றார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு போய்விட்டார்கள், நான் உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தில் என்று சொல்ல முடியாது.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். ஏரிக்கரையிலேயே, வண்டி வாசல் வரைக்கும் வருகிற மாதிரி, உள்ளேயும் மாடி இல்லாத வீடாகப் பார். ஏன் மாற்றினாய் என்று யார் கேட்டாலும் அத்தைக்காக என்று சொல், அவர்கள் அந்தப் பேரைச் சந்தோஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே பெரிய அறையில் எல்லோரையும் அடைக்காதே, பெரியவளுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஒரு மூலையாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரமும் உம்மென்று இருப்பாள். மேட்டில் ஏறிப் போகிற அருவிக்கு ஆசைப்பட்டவர்கள் போகட்டும், வீட்டில் தங்குபவர்களும் நாலு பேர் இருக்க வேண்டும், ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் போனால் அவரைக் கழித்துவிட்டுப் போனது போல ஆகிவிடும். நான் எப்படியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. வாலுவின் கற்களுக்கு வண்டியில் இடம் வை, அதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டான்.

உன் அண்ணனிடம் நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. மாப்பிள்ளையிடம் சொல், ஆனால் அவர் உன் அப்பாவைப் பார்த்ததும் உடம்பு எப்படி இருக்கிறது மாமா என்று இரக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல். குழந்தைக்கு எங்கள் எல்லோருடைய முத்தமும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. விமான நிலையத்தில் நீ வெளியே வந்ததும் உன் அப்பா முதலில் உன் கையிலிருக்கிற பெட்டிக்குத்தான் கையை நீட்டுவார், அது அவர் வழக்கம். வேண்டாம்ப்பா நான் தூக்கிக்கறேன் என்று சொல்லிவிடாதே. பார்க்கப் பெரிதாக ஒரு பெட்டி எடுத்து, குழந்தையின் துணியை மட்டும் அதில் வைத்துக்கொண்டு வா. அதை அவர் கையில் கொடுத்து, ரொம்பக் கனமா இருக்கு, கொஞ்சம் புடிங்கப்பா என்று சொல்.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா