என் கணவரின் சர்க்கரைத் தேர்ச்சியை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
கோ. தங்கமாரி (வயது 51),
க/பெ கோட்டைச்சாமி,
சத்துணவு அமைப்பாளர்,
காளியம்மன் கோயில் தெரு,
வேலியோடைப்பட்டி, பரளச்சி வழி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
விருதுநகர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மாதாந்திர சர்க்கரைச் சோதனையில் என் கணவர் தொடர்ந்து தேர்ச்சி பெற்று வருவதை ரத்து செய்து, அவரை முறைப்படி தோல்வியடையச் செய்து, சிகிச்சை அளிக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் நான் பலமுறை வாய்மொழியாகச் சொன்னது.
2. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாதது.

1. வணக்கம். நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். பருப்பில் வண்டு, கூரையில் ஓட்டை, தொட்டியில் தண்ணீர் இல்லை என்று அரசுக்கு மனு எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆனால் இந்த மனுவில் அரசின் மீது எனக்கு எவ்விதக் குறையும் இல்லை. புகார் முழுக்க முழுக்க என் வீட்டுக்காரர் மீதுதான். அவர் மேல் புகார் கொடுக்க வேண்டிய இடம் காவல் நிலையமா, குலதெய்வக் கோயிலா, தங்கள் அலுவலகமா என்று யோசித்தேன். முதல் இரண்டு இடத்திலும் அவருக்குச் செல்வாக்கு இருப்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

இனி இம்மனுவில் அவர் 'மேற்படியார்' என்று குறிப்பிடப்படுவார். கட்டியவர் பெயரை எழுதக் கூச்சப்பட்டு அல்ல. பெயரை எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது, கையெழுத்து கோணிப்போகிறது.

2. மேற்படியார் முன்பு பருத்திக்காட்டு வேலைக்குப் போனவர். இப்போது லோனில் வாங்கிய குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில், விறகை மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடும் இடங்களிலிருந்து கருவேலங்கரி ஏற்றி அருப்புக்கோட்டைக்கு லோடு அடிக்கிறார். நல்ல உழைப்பாளி. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. புரோட்டா உண்டு. போகும்போது பாளையம்பட்டியில் பசிக்காகச் சாப்பிடுவார். திரும்பி வந்ததும் எங்கள் ஊர் இருளப்பசாமி கடையில் ஊர்ப்பற்றுக்காகச் சாப்பிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்த இலவச முகாமில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மிகவும் பயந்துபோயிருந்தார். அந்தப் பயம் அப்படியே இருந்திருந்தால் இந்த மனுவுக்கு வேலையே இருந்திருக்காது.

3. எங்கள் துணை சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை 'சர்க்கரை நாள்' நடக்கிறது. மருத்துவ அலுவலர் வருவார். செவிலியர் சுகந்தி அனைவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுப்பார். தங்கமான பிள்ளை அவர். ஆட்கள் மறக்கக்கூடாது என்று முந்தின வாரமே ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிவிடுவார். இந்த முன்னறிவிப்புதான் எங்கள் வீட்டுக்கு வினையாக முடிந்தது.

எங்கள் பக்கம் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால், பொங்கல் முடியும்வரை கவுச்சி தொடமாட்டார்கள்; வயிறு காய விரதம் இருப்பார்கள். மேற்படியார் அதே முறையைச் சர்க்கரை நாளுக்கும் கொண்டுவந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் சனிக்கிழமை காலையிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார். அதன் பிறகு நீர்த்த கம்பங்கூழ் மட்டும்தான். பாகற்காய்ச் சாற்றை முகம் சுளிக்காமல் குடிப்பார். கண்மாய்க் கரையில் யாரோ துரத்துவது போல நடப்பார். மாதம் முழுவதும் தொடாமல் சாமி படத்துக்குப் பின்னால் சேர்த்துவைத்த மாத்திரைகளை அந்த மூன்று நாளில் அள்ளி விழுங்குவார்.

செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்து, நல்ல எண் வாங்கி, எல்லாரிடமும் காட்டிவிட்டு, கயிற்றை அறுத்துப் போட்டு நேரே இருளப்பசாமி கடைக்குப் போவார். அங்கே விரதம் முடிக்கப்படும். இது சரியா என்று இருளப்பசாமியே ஒருநாள் கேட்டிருக்கிறார். அதற்கு மேற்படியார் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஏலே, டாக்டரு வார அன்னைக்கு வீட்டக் கூட்டி வச்சாப் போதும்லே. மத்த நாளு குப்ப கெடந்தா யாரு பாக்கப் போறா?"

4. இதன் பலனாகக் கடந்த ஜனவரி மாதம் மேற்படியார் 'முன்மாதிரிப் பயனாளி' என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். சர்க்கரை நாளன்றே அவருக்குச் சால்வை போர்த்தி, எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றும் கொடுத்தார்கள். அவரது புகைப்படம் சுகாதார நிலையச் சுவரில், தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டுள்ளது.

நன்றி சொல்ல எழுந்தவருக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. கை நடுங்கியது. முகமெல்லாம் வியர்த்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. மருத்துவ அலுவலர் நெகிழ்ந்துபோய், "உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்று சொல்லிக் கை தட்டினார். ஊரே கை தட்டியது. மூன்று நாள் பட்டினியும் அள்ளிப் போட்ட மாத்திரையும் சேர்ந்து ரத்தத்தில் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கி அவரைக் கீழே தள்ளப் பார்க்கின்றன என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மேடைக்கு ஓடி அவர் வாயில் கருப்பட்டித் துண்டைத் திணித்தேன். மனைவி இனிப்பு ஊட்டுகிறாள் என்று அதையும் படம் பிடித்தார்கள். அந்தப் படம்தான் தற்போது சுவரில் இருப்பது.

5. சர்க்கரைக்காரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்று செவிலியர் சுகந்தி நல்லெண்ணத்தில் ஒரு குழு அமைத்தார். சேர்ந்து நடப்பது, என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொள்வது, மாத்திரையை ஞாபகப்படுத்துவது ஆகியவை அதன் நோக்கம். முன்மாதிரிப் பயனாளி என்பதால் மேற்படியாரே தலைவரானார். முதல் கூட்டத்திலேயே அவர் கயிறு கட்டும் முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

இப்போது சர்க்கரை நாளுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் கையில் மஞ்சள் கயிறு இருக்கிறது. அன்று இருளப்பசாமி தன் கடையில் ஈ ஓட்டுகிறார். செவ்வாய்க்கிழமை உட்கார இடமில்லை. மருத்துவ அலுவலர் வரும் தேதி மாறினால் அந்தத் தகவல் முதலில் புரோட்டாக் கடைக்குத்தான் போகிறது, மாவு பிசைய வேண்டுமே. எங்கள் ஊரில் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் இருப்பதாக மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்ததாம். பாராட்டியவர்கள் மீது தவறில்லை. எண்ணைப் பார்த்தால் நானே பாராட்டியிருப்பேன்.

6. இதுவரை எழுதியதைப் படித்துத் தாங்கள் சிரித்திருக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கடந்த மாதம் நடந்ததற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு கரிமூட்டம் பிரித்திருந்தார்கள். லோடு ஏற்றப் போன மேற்படியாருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் போனில் யாரிடமோ வாடகை பேசிக்கொண்டிருந்தார். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், அணையாத கரித்துண்டு ஒன்றின் மேல் அவருடைய இடது கால் இருக்கிறது. செருப்பு உருகிப் பாதத்தோடு ஒட்டிப் புகைகிறது. அவர் சிரித்துப் பேசிக்கொண்டே நிற்கிறார். நான் போட்ட கூச்சலில்தான் அவர் காலைப் பார்த்தார். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை, ஐயா.

அங்கிருந்தவர்கள் பதறினார்கள். மேற்படியார் பதறவில்லை. "அம்மன் அருள். பூக்குழி எறங்குறவனுக்குக் கங்கு சுடாது" என்றார். மூட்டம் போடுகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி பரளச்சி வரைக்கும் போய்விட்டது. வரும் பங்குனிப் பொங்கலுக்கு முதல் ஆளாகப் பூக்குழி இறங்கும் மரியாதையை அவருக்கே தருவதாகக் கோயில் கமிட்டி முடிவு செய்துள்ளது. மேற்படியாரும் ஒப்புக்கொண்டார்.

அம்மன் அருளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அருள் வந்த காலில் இந்த நாற்றம் வராது. புண் ஆறவில்லை. விரலிடுக்கில் கறுத்து வருகிறது. அது வெளியே தெரியாமலிருக்க அருப்புக்கோட்டையில் வெள்ளை ஷூ ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். கரி லோடு அடிக்கிறவர் வெள்ளை ஷூ போட்டால் ஊர் பார்க்காதா? பார்க்கிறது. தலைவரான பிறகு வந்த ஸ்டைல் என்று சொல்கிறது.

7. இதற்கிடையே, எண்கள் தொடர்ந்து நன்றாக இருப்பதால் மருத்துவ அலுவலர் பிப்ரவரி மாதம் அவரது மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நான் குறுக்கே புகுந்து, "ஐயா, இவுக எண்ண நம்பாதீக, இவுக காலப் பாருங்க" என்றேன். எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது. "வீட்டுல கொஞ்சம் பாராட்டவும் செய்யணும்மா" என்று மருத்துவ அலுவலர் சிரித்தார். மேற்படியாரும் கூடச் சிரித்தார்.

செவிலியர் சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே வீட்டுக்கு வந்தார். அவர் வாசலில் வண்டியை நிறுத்தியதைப் பார்த்ததும் மேற்படியார் கொல்லைப்பக்கமாக வெளியேறிவிட்டார். "அக்கா, ஒரே ஒரு சோதனை இருக்கு. மூணு மாசத்துச் சராசரியச் சொல்லிரும். அதுல மூணு நாளு விரதமெல்லாம் எடுபடாது. ஆனா அவுக வரணுமே" என்றார். நானும் கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. அடுப்பு பற்றவைக்காததால் நட்டம் எனக்குத்தான். அவருக்கு இருளப்பசாமி கடை இருக்கிறது.

8. கடைசியில் போன வியாழக்கிழமை அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துக் காலைத் தொட்டுப் பார்த்தேன். தூங்கவில்லை. "தொட்டியா? தெரியல" என்றார். பிறகு, "ஆசுபத்திரிக்குப் போனா எடுத்துருவாக தங்கம். கால் போச்சுன்னா வண்டி யாரு ஓட்டுவா? லோன யாரு கட்டுவா?" என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் என்னிடம் பயந்து பேசியது அன்றைக்குத்தான். விடிந்ததும் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு தலைவராகிவிட்டார்.

ஐயா, அந்தப் பயத்தை மறைக்கத்தான் இத்தனை கயிறும் கூழும் சால்வையும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாச் செவ்வாய்க்கிழமையும் நல்ல எண் வாங்கும் கணவர் எனக்கு வேண்டாம். எல்லாவற்றிலும் ஃபெயிலாகி, திட்டு வாங்கி, மாத்திரை விழுங்கி, வீட்டில் கிடக்கிற கணவர் போதும்.

9. ஆகவே, மேற்படியார் இதுவரை பெற்ற தேர்ச்சிகள் அனைத்தையும் ரத்து செய்து, மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையை அவருக்கும் அவரது குழுவினர் அனைவருக்கும் செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். எங்கள் ஊரில் சர்க்கரை நாளை மைக் கட்டிச் சொல்லாமல், செவிலியர் நினைத்த நாளில் நினைத்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்க அனுமதி வழங்கவும். கொல்லைப்பக்கம் ஒருவரை நிறுத்துவது நல்லது. ஒவ்வொரு முறையும் விரலைக் குத்துவதோடு நில்லாமல் காலையும் பார்க்கச் சொல்ல வேண்டும். சுவரில் இருக்கும் புகைப்படத்தைக் கழற்றிவிட வேண்டும். தூக்குவாளியைத் திரும்பக் கேட்டால் தந்துவிடுகிறேன். பூக்குழி விஷயத்தில் தாங்கள் தலையிட வேண்டாம்; கோயில் கமிட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

10. மேற்கண்டவை ஆற அமரச் செய்ய வேண்டியவை. உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

இந்த உறையைத் தங்கள் கையில் கொடுத்தவர் மேற்படியார்தான். பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் புழு இருப்பது பற்றிய மனு, தபாலில் போட்டால் நாளாகும், நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று சொல்லி ஒட்டிக் கொடுத்தேன். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்றதும் இன்றைய லோடை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவ்வளவு நல்ல மனுஷர். தங்கள் எதிரில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையெழுத்துக்காக நிற்கிறாரே, அவர்தான்.

தாங்களும் மருத்துவர். தயவுசெய்து அவரை உட்காரச் சொல்லி, இடது கால் ஷூவைக் கழற்றச் சொல்லவும். லோடு நிற்கிறது என்பார், நம்ப வேண்டாம். எழுந்து போகப் பார்த்தால் கதவைச் சாத்தவும். எந்த ஆஸ்பத்திரி என்றாலும் இன்றைக்கே சேர்த்துவிடவும். வேட்டி, துண்டு, போர்வை எல்லாம் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்ததும் நான் மதிய பஸ்ஸில் வந்துவிடுவேன். அதுவரை அவரை விட்டுவிடாதீர்கள், ஐயா.

இடம்: வேலியோடைப்பட்டி
நாள்: 03.03.2025

இங்ஙனம், தங்களை நம்பி அவரை அனுப்பியிருக்கும்,

(ஒப்பம்)
கோ. தங்கமாரி