வெள்ளிக்கிழமை அணைக்காத சுவிட்ச்

மாமா,

இன்று காலை கம்பத்திலிருந்து வந்த பஸ்ஸில் கண்டக்டர் கையில் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. உங்கள் மகன் ரியாஸ் கொடுத்துவிட்டிருந்தான். தேனி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டு வந்து என் கடையில் வைத்துப் பிரித்தேன். பழைய பேப்பருக்குள் ஒரு சுவிட்ச் போர்டு. மஞ்சளேறிப்போன வெள்ளைப் பிளாஸ்டிக். சுவிட்சுக்கு மேலே காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, அதில் நீல மையில் உங்கள் கோணல் எழுத்து: "தொடாதே." உங்கள் பிரௌசிங் சென்டரைக் காலி செய்தவன் மற்றதையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, இதை மட்டும் கழற்றி எனக்கு அனுப்பியிருக்கிறான். "ஏண்டா, கடையில இதைவிட நல்ல சாமான் ஒண்ணுமே இல்லையா?" என்று போனில் அவனை வம்புக்கு இழுத்தேன். போனை வைத்ததும் அழுதேன். அழுது முடித்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டத்துத் திராட்சையை வருடா வருடம் நீங்கள்தான் விலைக்கு எடுப்பீர்கள். அப்பா உங்களை மச்சான் என்பார், அந்த வகையில் நீங்கள் எனக்கு மாமா. ராவுத்தர் எப்படி உனக்கு மாமா ஆனார் என்று தேனியில்கூடச் சிலர் கேட்டிருக்கிறார்கள். கம்பத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, "ஏத்தா, படிச்சத மறக்குறதுக்குள்ள வந்து கடையப் பாரு" என்று கூப்பிட்டீர்கள். எஸ்டேட் ஜீப்புகள் நிற்கிற சந்தில் ஆறு கம்ப்யூட்டர் வைத்த கடை. உங்களுக்கு ஊரில் எல்லா ஆளையும் தெரியும், மிஷின் தெரியாது. எனக்கு மிஷின் மட்டும்தான் தெரியும். நன்றாகத்தான் ஓடியது.

வெள்ளிக்கிழமை மட்டும் உங்களோடு சண்டை வரும். மதியம் பாங்கு சொன்னதும், "எந்திரிங்கப்பா, எந்திரிங்க" என்று எல்லோரையும் கிளப்பிவிடுவீர்கள். பாதி விண்ணப்பம் நிரப்பியவன் கதறுவான். நீங்கள் காதிலேயே வாங்காமல் இன்வெர்ட்டரை நிறுத்தி, மெயினையும் இழுத்து இறக்கிவிடுவீர்கள். "ஜும்ஆ நேரத்துல யாவாரம் ஆகாது. மனுசனும் ஓடக் கூடாது, மிஷினும் ஓடக் கூடாது" என்பீர்கள். நீங்கள் பள்ளிவாசலுக்கு, நான் சோற்றுக்கு. திரும்பி வந்து மெயினைத் தூக்கிவிடுவது என் வேலை. இதைப் பெரிய விஷயமாக நீங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ரியாஸ் ஷார்ஜாவுக்குப் போனது உங்களுக்குச் சம்மதமில்லை. அவன் உங்களோடு திராட்சை வியாபாரத்தில் நிற்பான் என்று இருந்தீர்கள். அவன் விசாவைக் கொண்டுவந்து காட்டினான். அவன் கிளம்பிய நாளில் நீங்கள் வேண்டுமென்றே லோயர் கேம்ப் பக்கம் தோட்டம் பார்க்கப் போய்விட்டீர்கள். அவன் பஸ் ஏறும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போன் வந்தால் அத்தை பேசுவார், நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவீர்கள். அவன் முதலில் பேசட்டும் என்பது உங்கள் கட்சி. அத்தா கூப்பிடட்டும் என்பது அவன் கட்சி. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. அத்தை இரண்டு பக்கமும் கேட்டு இரண்டு பக்கமும் சொல்லி இளைத்துப்போனார்.

அப்படி இருந்தபோதுதான் அவனிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. "அக்கா, நம்ம டாங்கி கேம் இங்கன என் லேப்டாப்புலயும் ஓடுது. அத்தா இன்னும் ஆடுறாகளா?" அவ்வளவுதான். அவன் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு அப்பனும் மகனும் இரண்டு மிஷினில் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு அது. ஆளுக்கு ஒரு டாங்கி. நீங்கள் எதிரியைச் சுட்டதைவிடக் குளத்துக்குள் இறங்கி மாட்டியதுதான் அதிகம். "அத்தா, இடது பக்கம், இடது பக்கம்!" என்று அவன் போடுகிற சத்தம் ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். மெயிலை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் பிரிண்டரில் காகிதத்தை அடுக்கத் தொடங்கினீர்கள். அடுக்கிக்கொண்டே, "ஆடுறேன்னு எழுதிவிடு" என்றீர்கள்.

எழுதுவது லேசு. ஷார்ஜாவையும் கம்பத்தையும் ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவருவதுதான் பாடு. அவன் லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ், நம் கடையில் விண்டோஸ். நான் விளக்கியதும் நீங்கள் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அவன் மிஷினு வேற சாதி, நம்ம மிஷினு வேற சாதிங்குற. ரெண்டும் ஒண்ணா ஆடுமா?"

"நடுவுல ஒரு சர்வர் வெச்சா ஆடும் மாமா. ரெண்டு பேரும் அதுகிட்டச் சொல்லணும். அது ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொல்லும்."

"அப்ப அதுக்கு ஒங்கத்தை பேரை வையி."

அப்படியே வைத்தேன். மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, அதிலும் லினக்ஸ் ஏற்றி, அதையே சர்வர் ஆக்கினேன். முதலில், நம்மிடம் இருந்த விளையாட்டு ஒரு பத்திரிகை சிடியில் வந்த பழைய பதிப்பு, அவனுடையது புதிது என்று தகராறு. அதனால் எல்லா மிஷினிலும் ஒரே பதிப்பை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. அடுத்தது மோடம். வெளியிலிருந்து வருகிறவனை எந்த மிஷினிடம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. அதனால் வாசலிலேயே நிறுத்திவிடும். இந்த எண் கேட்டு வந்தால் மூலையில் இருக்கிற மிஷினிடம் விடு என்று அதற்குள் போய் எழுதிவைத்தேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மதுரையிலிருந்த என் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டு, உள்ளே வந்து பார் என்றேன். வந்தாள். அவள் டாங்கி நம் திரையில் ஓடியதைப் பார்த்து நீங்கள் எல்லோருக்கும் டீ சொன்னீர்கள். வெளியிலிருந்து நம் கடைக்கு வர ஒரு முகவரி எண் உண்டு அல்லவா, அதை அன்றைக்கே ரியாஸுக்கு அனுப்பினேன். அவனுக்கு வெள்ளிதான் லீவு. அவன் தொழுது சாப்பிட்டு வர, நம்மூர் நேரம் நாலு மணி என்று பேச்சு.

முதல் வெள்ளி, தொழுத சட்டையோடு, அத்தர் வாசனையோடு வந்து உட்கார்ந்தீர்கள். அவன் வரவில்லை. உங்கள் டாங்கி மட்டும் வெறும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் அமைப்பையெல்லாம் கலைத்துத் திரும்பப் போட்டேன். அடுத்த வியாழனும் மோடம் காட்டிய எண்ணை ரியாஸுக்கு அனுப்பினேன், தோழிக்கும் கொடுத்தேன். தோழி வந்தாள், மறுநாள் வெள்ளியும் ரியாஸ் வரவில்லை. நீங்கள் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். "அவனுக்கு வர மனசில்லத்தா. ஒனக்காக ஒரு மெயில் போட்டிருக்கான், அம்புட்டுத்தான். வர்ற வெள்ளியோட சரி. அதுக்கப்புறம் அந்த மிஷினக் கழட்டி வெச்சிரு, அவம்பேச்சும் என்கிட்ட எடுக்காத" என்றீர்கள். மறுநாள் அவனிடமிருந்து மெயில்: "சர்வரே காட்டல அக்கா. அத்தா வேணாம்னு அணைச்சிட்டாகளா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு பேரையும் பிடித்து ஒரே அறையில் போட்டுப் பூட்டலாம் போலிருந்தது. நடுவில் ஒரு கடல் இருந்ததே, என்ன செய்ய. நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்குத் தெரியும். அந்த மூன்றாவது வெள்ளியும் போய்விட்டால் நீங்களும் அவனும் இனிப் பேசப்போவதில்லை என்றுதான் பட்டது. அந்த வியாழனும் எண்ணை இருவருக்கும் அனுப்பினேன், தோழி உள்ளே வந்தாள்.

அந்த வெள்ளி நான் சாப்பிட்டுவிட்டு வந்து மெயினைத் தூக்கிவிட்டு, நாலு மணிக்குக் காத்திராமல் தோழியை உள்ளே வரச் சொன்னேன். அவளாலும் வர முடியவில்லை. "நேத்து வந்துச்சேடி, இன்னைக்கு என்ன மாத்தின?" என்று போனில் கேட்டாள். ஒன்றும் மாற்றவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கை இன்னும் மெயின் சுவிட்சின் தூசியோடு இருந்தது. அப்படியே ஓடிப்போய் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ராத்திரிகூட அணைக்காத அது கண்விழித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நம் முகவரி எண்ணின் வால்பகுதி நேற்று இருந்ததல்ல. அந்தக் காலத்து இணைப்பில் மோடம் அணைந்து எழுந்தால் வேறு எண்தான் கிடைக்கும். மகனை நாலு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, மதியமே அந்த வீட்டைக் காலி செய்து வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறீர்கள் மாமா. அதுவும் வாராவாரம்!

மெயில் போட்டால் அவன் எப்போது பார்ப்பானோ. அத்தைக்குப் போன் போட்டு, புது எண்ணைச் சொல்லி, உடனே ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். "என்னத்தா இம்புட்டு நம்பரு, ஒங்க மாமா கேரளா லாட்டரி வாங்கிருக்காகளா?" என்றார். கேட்டாரே தவிர, ஒவ்வொரு எண்ணாக எழுதி, எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போனை வைத்தார்.

நாலு மணிக்கு வந்தீர்கள். அன்று அத்தர் இல்லை. "இன்னையோட சரி, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். இதுவும் தவறிப்போனால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது? உங்கள் டாங்கி மைதானத்தில் ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்றில் திரையின் அடியில் ஒரு வரி எழுந்தது. ரியாஸ் உள்ளே வந்தான் என்று இங்கிலீஷில்.

மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு நீல டாங்கி நின்றது. அது சுடவில்லை. நீங்களும் சுடவில்லை. மெதுவாக அவன் பக்கம் ஓட்டிக்கொண்டு போனீர்கள், நேராகக் கொண்டுபோய்க் குளத்தில் இறக்கினீர்கள். திரையில் அடுத்த வரி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் நம் பேச்சு: "அத்தா, இடது பக்கம்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மிஷினில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தீர்கள். நான் உதவிக்கு வந்தபோது கையைத் தட்டிவிட்டீர்கள். "சுட்டுறாதடா. வந்துக்கிருக்கேன்." அவ்வளவுதான் எழுதினீர்கள். அதற்குமேல் எனக்குத் திரை தெரியவில்லை. வாசலில் போய் நின்று மூச்சு விட்டேன்.

மோடம் எண் மாறிய கதையை அன்று சாயங்காலம் சொன்னேன். "அப்ப நாந்தான் அணைச்சிருக்கேன். பய கேட்டது சரிதான்" என்றீர்கள். அவனுக்கு வர மனசிருந்தது என்பதில் உங்களுக்கு இருந்த சந்தோஷத்தில், தப்பு உங்கள் பக்கம் என்பது உங்களுக்கு வலிக்கவே இல்லை. அடுத்த வெள்ளி நான் கேட்காமலேயே வயர்மேனைக் கூட்டிவந்து, மோடத்துக்கும் சர்வருக்கும் மெயினுக்கு முன்னாலிருந்தே தனி வயர் இழுத்து, தனி சுவிட்ச் போட்டு, பிளாஸ்திரி ஒட்டினீர்கள். ஜும்ஆ நேரத்தில் மிஷின் ஓடலாமா என்று சீண்டினேன். "யாவாரம்தான் ஆகாது. இது யாவாரமில்லத்தா, வீட்டு வாசக்கதவு. தொறந்து கெடக்கட்டும்" என்றீர்கள். பாங்கு சொன்னது. மற்ற எல்லாம் இருண்டது. அந்தச் சின்னப் பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் டாங்கி ஓடியது கொஞ்சம், போனில் பேச்சு ஓடியது அதிகம். அடுத்த பெருநாளுக்கு அவன் வந்தான். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் காத்து நின்றீர்கள். சில வருடத்தில் ஊருக்கே திரும்பிவிட்டான். எனக்குக் கல்யாணமாகித் தேனிக்கு வந்து, இங்கே சர்வீஸ் கடை போட்டேன். எண் மாறினால் தானாகக் கண்டுபிடிக்கிற வசதியெல்லாம் வந்துவிட்டது. உங்கள் தனி சுவிட்சுக்கு வேலையே இல்லை, கழற்றுங்கள் என்று ஒவ்வொரு முறை வரும்போதும் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை.

போன வருடம் உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது ரியாஸ் முன்னால் தோள் கொடுத்து நடந்தான். நான் பெண்கள் பக்கம் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகைக்கு நடுவில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது மாமா, அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது வெள்ளி நழுவிப்போயிருந்தால் இந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். நழுவிப்போகவில்லை, அது போதும்.

இன்று போனில் ரியாஸ் ஒன்று சொன்னான். நீங்கள் படுத்துவிட்ட பிறகு வந்த கடைசி வெள்ளியில், அவன் பள்ளிவாசலுக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறான். கட்டிலிலிருந்து நீங்கள் குரல் கொடுத்தீர்களாம். "ஏலே, கடையில மெயின எறக்கிரு. அதை மட்டும் அணைச்சிராத."

"நான் இங்கனதான அத்தா இருக்கேன்" என்றானாம்.

"இருந்தா என்ன, கெடக்கட்டும்" என்றீர்களாம்.

என் கடைக்கு வருகிறவர்கள் அண்ணன் பேசவில்லை, மருமகள் போன் எடுக்கவில்லை என்று மனத்தாங்கலைச் சொல்வதுண்டு. அவர்களுக்கு மனசில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எதையாவது அணைத்தீர்களா என்று கேட்டுவிடுகிறேன். முறைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. யோசித்துவிட்டு அங்கேயே நின்று போன் போட்டவர்களும் உண்டு.

இன்றும் வெள்ளிதான். ரியாஸ் அனுப்பிய உங்கள் போர்டை மோடத்துக்குப் பக்கத்தில் திருகி, தனி வயர் கொடுத்து மாட்டிவிட்டேன். இங்கேயும் பாங்கு சொன்னது. சோற்றுக்குக் கிளம்பினேன், மெயினை இறக்கினேன், அதை மட்டும் அணைக்கவில்லை.