குழியில் கிடைத்த கல்

1908 ஐப்பசி 9. மழை.

பழங்கல் கிடைத்தால் துரையிடம் காட்டவேண்டும் என்பது தோட்டத்து உத்தரவு. செத்துப்போன மனைவியைப் புதைக்க வெட்டிய குழியில் கிடைத்ததைக் கூலி காத்தான் பங்களாவுக்குக் கொண்டுவந்தான். எழுதக் கூசும் வடிவம்.

"ராணியின் செங்கோல்" என்றார் துரையின் விருந்தாளி இங்கிலீஷில். "விதவையின் துணை" என்றார் துரை. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னாங்க சொல்றாங்க, கிளாக்கரய்யா?"

"அந்தக் காலத்து அம்மிக் குழவியாம்" என்றேன்.

"அப்ப அவகூடவே வச்சுப் பொதைச்சிர்றேங்க. அம்மி வாங்கிக் குடுன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. தொரைகிட்ட கேட்டுக் குடுங்கய்யா."

நாற்பது வருடமாக இங்கிலீஷ் பேசுகிறேன். கேட்டால் என்னையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். கேட்காமலே, "தரமாட்டாராம்" என்றேன்.

காத்தான் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான். இந்நேரம் குழியை மூடியிருப்பார்கள்.