பாதித் தட்டு காய்

என்னங்க,

பீன்ஸும் முட்டையும் அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். பாதித் தட்டு காய், மீதியிலதான் சோறு. அடுத்த டிரிப்புக்கு பஸ் எடுக்கப் போற மாதிரி அவசரமா விழுங்காதீங்க, மென்னு சாப்பிடுங்க.

அலமாரியில இருந்த பிஸ்கட்டை எடுத்தது நான்தான். "கட்டினவ காவல்காரி ஆயிட்டா"ன்னு ஞாயித்துக்கிழமை சொன்னீங்க. சுருக்குன்னு இருந்துச்சு. நாலு நாளா இப்படிச் சீட்டு எழுதி வச்சுத்தான் பேசிக்கிறோம்.

உங்களுக்குச் சர்க்கரை ஏறினதுக்கு பிஸ்கட் மட்டும் காரணமில்லன்னு எனக்குத் தெரியும். மதியம் நீங்க டிப்போவுலேர்ந்து வரும்போது நான் தையல் கம்பெனியில இருக்கேன். தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்காம, நின்னுக்கிட்டே கையில கிடைச்சதைத் தின்னுட்டுப் படுத்துடுறீங்க. எனக்கும் அங்க அப்படித்தான். எதிர்ல நீங்க இல்லாம சோறு தொண்டையில இறங்கமாட்டேங்குது.

மூணு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். தூங்கிடாதீங்க.

இன்னொண்ணு, இடமில்லாம ஓரத்துல எழுதறேன். சூப்பர்வைசர் அம்மாகிட்ட ஷிஃப்ட் மாத்திக் கேட்டேன். "ஏன், புருஷனுக்குச் சோறு ஊட்டணுமா?"ன்னு சிரிச்சாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து மதியம் வீட்டுல இருப்பேன். அதுவரைக்கும் உக்காந்து சாப்பிடுங்க. என் நாற்காலியை உங்களுக்கு எதிர்ல இழுத்துப் போட்டுட்டுத்தான் கிளம்பறேன்.