ஷீபாவின் தகடு

ஆவணி 12, புதன்.

ஆய்வகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்த ஷீபா செய்த குண்டு துளைக்காத தகடு இன்று ரைஃபிள் சோதனையில் தேறியது. என்னுடையதும் போன மாதம் தேறியதுதான். சான்றிதழை வாங்கியதோடு நான் நிறுத்திக்கொண்டேன். இவளோ, "பெரிய மெஷின் கன்ல அடிச்சுப் பாக்கலாம் சாரே" என்றாள்.

"உடைஞ்சு போயிரும் ஷீபா."

"உடையட்டும். எதுவரை தாங்கும்னு அறியணுமில்லையோ?"

உடைய வேண்டும் என்று பத்மநாப சுவாமியை வேண்டிக்கொண்டேன். உடைந்தது. தகட்டுக்குப் பின்னால் மனித உடம்புக்குப் பதிலாக அப்பியிருந்த களிமண்ணில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. அவள் அதில் ஸ்கேலை விட்டு அளந்து, சிரித்துக்கொண்டே குறித்தாள். எல்லாரும் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். என் சோதனையன்று ஒருவரும் நிற்கவில்லை.

இன்னும் வயிறு எரிகிறது. நாளைக்கு என் தகட்டையும் அப்படி அடிக்கலாமா என்று கேட்டாள். மிச்சம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பீரோவில் மூன்று இருக்கின்றன.