கார்டு இல்லாமல் வந்த பெண்

அன்புள்ள புனிதாவுக்கு,

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெலிங்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை, மற்றபடி குறையில்லை. போன தடவை வந்தபோது, நான் இருபத்தாறு வருஷம் கட்டிக்காத்த நோயாளி கார்டுகளைக் குப்பை என்றாய், எல்லாம் கணினிக்குப் போனால்தான் அடிக்கடி வீடு மாறும் ஃபிளாட் பிள்ளைகளுக்கு ஒழுங்கான வைத்தியம் கிடைக்கும் என்றாய். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் போன வியாழக்கிழமை நடந்ததை மறைத்தால் அது நேர்மையில்லை.

எங்கள் கிளினிக் கவுண்டருக்குப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். கம்போங் மேடான் ஃபிளாட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்தானாம். வலிப்பு மாத்திரை தீர்ந்து நான்கு நாள். என்ன மாத்திரை என்று கேட்டால், "பேரு தெரியல அங்கிள், மஞ்சளா இருக்கும். வீடு மாத்துறப்ப கார்டு காணாம போச்சு" என்றாள். முன்பென்றால் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு நாளைக்கு வா என்று அனுப்பியிருப்பேன். அப்படி நான் அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எந்த அலமாரியிலும் குறிப்பில்லை. இப்போது அவளுடைய ஐசி, அதாவது அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டினேன். பந்திங்கில் தொடங்கிய வைத்தியம், கிள்ளானில் கூட்டிய அளவு, சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கத் தவறவிட்ட தேதி, எல்லாம் வந்து நின்றன. அரைமணி நேரத்தில் டாக்டர் அதே மாத்திரையைக் கொடுத்தார், புதுத் தேதியும் கிடைத்தது. அமுதவள்ளி, தகப்பன் ராஜன் என்று பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ராஜன் மகள்கள் இந்த ஊரில் ஆயிரம், நம் பிள்ளையை எட்டு வயதில் செல்லப்பெயரில் கூப்பிட்டதோடு சரி. பக்கத்துக் கவுண்டரில் வேலை செய்யும் குளோரியாதான், "அங்கிள், அவசரத்துக்குக் கூப்பிடுற வாரிஸ் கட்டத்த பாருங்க. உங்க பேரு லா, உங்க நம்பர் லா!" என்று கத்தினாள். உன் சித்தப்பா மகள். பந்திங்கில் இருந்த எங்கள் குடும்ப வீட்டை என்னைக் கேட்காமல் அவன் விற்றதிலிருந்து ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை, ஆனால் அந்தக் கட்டத்திலிருந்து என் பெயரை மட்டும் அவன் எடுக்கவில்லை. "அப்பா லோரியில வாரம் பூரா வெளியூருதான் பெரியப்பா. அண்ணன் திட்டுவாரு, ஆனா வருவாருன்னு சொல்லித்தான் உங்க பேர போட்டாரு" என்று சிரிக்கிறாள்.

வீட்டு விஷயத்தை நான் மன்னிக்கவில்லை, அதை அவனிடம் நேரிலேயே சொல்வேன். ஆனால் வரும் செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டுவிட்டேன், அவளைச் சுங்கை பூலோவுக்கு நானே கூட்டிப்போகிறேன். மாத்திரை விடாமல் கிடைத்தால் இந்தப் பெண் படிப்பை முடிப்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை. நீ சொன்னது சரி. இன்னொரு தடவை இதை எழுத மாட்டேன். இந்தக் கணினி ஏற்பாட்டைச் செய்த உங்கள் ஆட்களிடம் ஒன்று சொல்: இந்தப் பிள்ளைகள் வீட்டையும் போன் நம்பரையும் அடிக்கடி மாற்றுகிறார்கள், தேதி தவறினால் வாரிஸுக்கும் செய்தி போக வேண்டும். மறக்காதே.

பத்துமலை முருகன் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருப்பான். நோயாளி விவரத்தைக் கவுண்டர் ஆள் வெளியே எழுதக்கூடாது என்று மற்றவர்களைக் கண்டித்தவன் நான், இப்போது பெரியப்பாவாக எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அதனால் கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.